சாயம் போகாத மருந்து

"சாயம் போகுமா?" என்று வேலூரிலிருந்து வந்திருந்த அம்மாள் கேட்டார். நான் வழக்கமான பதிலை வழக்கமான முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாயம் போச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேம்மா."

என் பேர் பாலசந்திரன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப் புடைவைக் கடை. இத்தனை வருஷ வியாபாரத்தில் என் கடைப் புடைவைகள் எங்கெங்கேயோ சாயம் போயிருக்கும். நான் மட்டும் இன்னும் பாலசந்திரனாகவே இருக்கிறேன்.

அப்போதுதான் தர்மன் கடை வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், தறி நெய்கிறவர். பகல் நேரத்தில் அவர் கால் தறிக்குழியில்தான் இருக்கும். அந்தக் கால் தெருவில் நின்றதைப் பார்த்ததுமே துணி அளப்பதை நிறுத்தினேன்.

"நயினாரே, பதறாதீங்க," என்றார்.

இப்படி ஆரம்பிக்கிற சேதியைக் கேட்டுப் பதறாமல் இருந்தவனை நான் பார்த்ததில்லை.

"வீட்டம்மா ரத்தமா வாந்தி எடுத்துட்டாங்க. ஜட்காவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். எம் பொஞ்சாதி கூடப் போயிருக்குது."

கல்லாப்பெட்டியைப் பூட்டவில்லை. வேலூர் அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்த கஜக்கோல் கையில் இருக்க, அப்படியே தெருவில் இறங்கி ஓடியிருக்கிறேன். தடித்த மனிதன் ஒருவன் வேட்டியை ஒரு கையிலும் இரும்புக் கோலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? "யாரை அடிக்கப் போறாரு நயினாரு?" என்று இரண்டு பேர் கூடவே ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி என்னை உள்ளே விட மறுத்தபோதுதான் கையைப் பார்த்தேன். கோலை அவனிடம் கொடுத்தேன். பயந்துபோய் வாங்கிக்கொண்டான்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் குணமாலா படுத்திருந்தாள். சாயம் ஏற்றாத நூல் மாதிரி வெளுத்திருந்தாள். காலையில் எனக்கு இட்லி வைத்துவிட்டு, "சீக்கிரம் போங்க, கடை தொறக்குற நேரம் ஆச்சுது" என்று விரட்டியவள். அந்த அதட்டலை அவள் முகத்தில் தேடினேன். இல்லை.

"கடையில யாரு இருக்காங்க?" என்றாள். அவளுடைய முதல் கேள்வி இதுதான்.

"வேலூர் அம்மா ஒருத்தங்க."

"அது யாரு?"

"தெரியாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலியாலா, என்னைப் போன்ற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டதாலா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்தார். கறாரான பெண்மணி. "வயித்துல புண்ணு. அதுலேருந்து ரத்தம் வருது. ரொம்ப நாளா வலி இருந்திருக்கணுமே, சொல்லலையா?" என்று கேட்டார். சொல்லவில்லை. சொல்கிறவளாக இருந்தால் நான் ஏன் கஜக்கோலோடு ஓடி வருகிறேன்?

"வயிறு காலியா இருக்கக் கூடாது. அதுதான் வைத்தியம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பகல்லயும் சரி, ராத்திரியிலயும் சரி. கூடவே ஒரு வெள்ளை மருந்து தர்றேன். பால் ஒழுங்கா உள்ள போனா புண்ணு ஆறிடும்."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலதான் முக்கியம். புண்ணை அரிக்கிறது அப்பத்தான். ஏன் முழிக்கிறீங்க?"

நான் முழித்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் சமணர்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பயிரும் வியாபாரமுமாக வாழும் கூட்டம். ஊரார் எங்களை நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். விளக்கு வெளிச்சத்தில் தட்டில் விழும் பூச்சி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சோற்றோடு ஓர் உயிரும் வாய்க்குள் போய்விடும், அதுதான் காரணம். குடிக்கும் தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம்.

இந்த வழக்கத்தை நான் கடைப்பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். அஞ்சரை மணிக்குக் குணமாலாவின் தூக்குப் பாத்திரம் கடைக்கு வந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே பயபக்தியோடு சாப்பிட்டுவிடுவேன். கடை சாத்தும்போது வயிற்றில் அது இருந்த சுவடே இருக்காது. எதிரே வேணுகோபாலின் ஓட்டலில் தோசைக்கல் சுர்ரென்று கூப்பிடும். ஒரு நெய் ரோஸ்ட். சில நாள் இரண்டு. பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து மென்றுகொண்டே வீட்டுக்குப் போவேன், சாம்பார் வாசனையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற மரியாதைக்காக. இது ரகசியம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நடுவில் ஓர் ஏலக்காய். அவள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. எங்கள் குடித்தனம் நன்றாகத்தான் நடந்தது.

குணமாலாவின் கதை வேறு. அவள் பிறந்தது திருப்பணமூர். கல்யாணத்துக்கு முன்பே விரதம் எடுத்துக்கொண்டவள். சூரியன் இறங்கிய பிறகு மருந்தும் தண்ணீரும் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. எங்கள் மகள் கனகமாலா பிறந்த அன்று சாயங்காலம்கூட அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தக் கனகமாலா இப்போது வந்தவாசிப் பக்கம் புகுந்த வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குச் சொல்லக் கூடாது என்று குணமாலா படுத்தபடியே உத்தரவு போட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு மணி அடித்து ஆண்களை வெளியே அனுப்பினார்கள். கடைக்குப் போனால் வேலூர் அம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் அதே புடைவை.

"தொறந்த கடையை எப்படி வுட்டுட்டுப் போறது? அதான் குந்தினு இருந்தேன். வீட்டம்மா எப்படி இருக்காங்கப்பா?"

அந்தப் புடைவையைக் காட்டி, "சாயம் போகும்மா, வேற எடுத்துக்கோங்க," என்றேன்.

"அது தெரிஞ்சதுதானே," என்றார் அந்தப் புண்ணியவதி.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் கலாவதி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், உங்க வீட்டம்மா வாயைத் தொறக்கவே மாட்டேன்றாங்க. சாயங்காலம் ஆனதுலேருந்து ஒரு சொட்டுப் பால் எறங்கல. கேட்டா, சூரியன் வரட்டும்னு சொல்றாங்க. சூரியனுக்கும் புண்ணுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

குணமாலாவிடம் போனேன். வெளிச்சம் வந்துவிட்டதால் சமர்த்தாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"குணா, இது ஆஸ்பத்திரி," என்றேன்.

"சூரியனுக்கு அது தெரியுமா?"

"உடம்பு சரியில்லாதப்ப யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"யாரோ நினைக்கிறதுக்காக நான் விரதம் இருக்கல. மருந்து குடுக்கச் சொல்லுங்க, குடிக்கிறேன். தண்ணி குடுக்கச் சொல்லுங்க, குடிக்கிறேன். பாலு மருந்தா?" என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "தண்ணின்னதும் ஞாபகம் வருது. இங்க தண்ணிய வடிகட்டறது இல்ல போல. வீட்டுத் தண்ணி ஒரு கூஜா கொண்டாங்க," என்றாள்.

அப்பாடா, நான் செய்யக்கூடிய காரியம் ஒன்று கிடைத்தது என்று வீட்டுக்கு ஓடினேன்.

சமையலறையில் வடிகட்டும் துணியைத் தேடினேன். அடுக்குப் பானைகளை இறக்கினேன், உறியை உலுக்கினேன். இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் துணியில் வடிந்த தண்ணீரைக் குடித்திருக்கிறேன், அது எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. பிறகு என் வியாபார மூளை வேலை செய்தது. பட்டைவிட நெருக்கமான நெசவு எங்கே உண்டு? கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுத் துண்டை எடுத்து வந்து, இருட்டான சமையலறையில் நின்று, இதைத் தாண்டி எந்த உயிர் போகும் பார்க்கலாம் என்ற பெருமிதத்தோடு ஒரு பித்தளைக் கூஜா நிறைய வடிகட்டினேன்.

வார்டில் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன். தண்ணீர் ரோஜா நிறத்தில் விழுந்தது.

அடுத்த கட்டிலில் தாமலைச் சேர்ந்த லோகாம்பாள் இருந்தாள். ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தவள். வாய்க்கு ஒரு சேதமும் இல்லை. தம்ளரைப் பார்த்துவிட்டுக் கட்டுப் போட்ட காலைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னா நயினாரே, ஆஸ்பத்திரியிலயே ஆரத்தி எடுக்கப் போறீங்களா? வெத்தலையும் கற்பூரமும் எங்க?"

வார்டு முழுக்கச் சிரித்தது. குணமாலா தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"எதுல வடிகட்டினீங்க?"

"நம்ம கடைத் துணிதான். வடிகட்டுற துணி கெடைக்கல..."

"சாயம் போகாதுன்னு சொல்லுவீங்களே," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கொஞ்சம் சரியாகிவிட்டாள் என்று நான்கூட நினைத்தேன்.

அன்று சாயங்காலமும் பால் இறங்கவில்லை. மறுநாள் விடிகாலையில் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தாள்.

நான் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கமா மயக்கமா என்று பக்கத்தில் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. லோகாம்பாள் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மெட்ராசுக்கு அனுப்பிடுவேன். அங்க கத்தி வைப்பாங்க. இந்த உடம்புல ரத்தமே இல்ல. கத்தியைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க புருஷன்தானே? ஒரு டம்ளர் பால் குடிக்க வைக்க முடியாதா?"

புருஷன்தான். எட்டு முழ வேட்டி கேட்டு வந்தவனுக்குக் கல்யாணப் பட்டு விற்றிருக்கிறேன். புடைவை வாங்கவே வராதவளுக்கு இரண்டு புடைவை விற்றிருக்கிறேன். ஒரு டம்ளர் பாலை என் பெண்டாட்டியிடம் விற்க முடியவில்லை.

வெளியே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். உள்ளே கம்பவுண்டர் சாமுவேல் பெரிய ஜாடியிலிருந்து வெள்ளை மருந்தைச் சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் இவ்வளவு ஒரு வேளைக்கு என்று காட்ட, விளிம்பு வெட்டிய காகிதத்தைப் பசை தடவி ஒட்டினார். வெள்ளை மருந்து. வெள்ளை வெளேரென்று. நான் எழுந்துபோய் ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"சாமுவேல், அந்த மாதிரி ஒரு பாட்டில், காகிதம் ஒட்டி, காலியா குடுங்க."

"எதுக்கு நயினாரே?"

சொன்னேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கன்னத்தைச் சொறிந்தார். "டாக்டரம்மா சொல்லாம நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்பா."

டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பால் உள்ள போகணும். அது எந்தப் பாட்டில்ல போகுதுன்றது உங்க வீட்டு விவகாரம். ஆனா பாலைக் காய்ச்சி அப்பப்ப புதுசா ஊத்தணும். கலாவதிகிட்ட சொல்லுங்க. பொய் சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும், எங்க ஆளுங்க சொல்ல மாட்டாங்க."

"பொய் நான் பாத்துக்கிறேன் டாக்டரம்மா," என்றேன். "தொழிலே அதுதான்."

வீட்டுக்குப் போய் வடிகட்டும் துணியை மறுபடியும் தேடினேன். பொய் சொல்லிக் கொடுத்தாலும் வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும். துணி இருந்தது. தண்ணீர்ப் பானையின் வாயில் கட்டியிருந்த துணியை முந்தின நாள் நானே அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் பானைக்குள் எட்டிப் பார்த்து, துணியைக் காணோமே என்று தேடியிருக்கிறேன். மெத்தென்ற பழைய வெள்ளைத் துணி. அவள் கையால் துவைத்துத் துவைத்து மெலிந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை இருக்கலாம் என்று கலாவதி அனுமதி கொடுத்தார். வார்டுக்குப் பின்னால் இருந்த அடுப்பில் நானே பாலைக் காய்ச்சினேன். ஒரு தடவை பொங்கி வழிந்தது, இரண்டாவது தடவை சரியாக வந்தது. வடிகட்டி, ஆற்றி, பாட்டிலில் ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கினேன். காகித அளவுகளோடு அது அசல் மருந்தாகவே நின்றது. உலகத்தில் எவனும் கண்டுபிடிக்க முடியாது.

கட்டிலருகே போனபோது ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு அதுவும் போய்விட்டது. குணமாலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது இறங்கியதை அவள் பார்த்துவிட்டாள் என்று புரிந்தது. அவுன்ஸ் கிளாசில் ஊற்றி நீட்டினேன்.

"இன்னா இது?"

"மருந்து."

"காலையில குடுத்தது சுண்ணாம்புக் கரைசல் மாதிரி இருந்துச்சு."

"இது வேற. ராத்திரிக்குன்னு தனியா குடுத்துருக்காங்க. பெரிய கிளாசுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்கணும். நர்சம்மா குடுப்பாங்க."

பக்கத்துக் கட்டிலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இன்னாப்பா இது, மருந்து பாயசமாட்டம் மணக்குது?" என்றாள் லோகாம்பாள். "நர்சம்மா, என் காலுக்கும் இந்த மருந்தையே குடுத்துடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் காய்ச்சும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. நோயாளி ஆயிற்றே, வெறும் பாலாகவா கொடுப்பது என்று, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டிருக்கிறேன். கொலை செய்கிறவன் தன் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போனது போல.

குணமாலா கிளாசை மூக்கருகே கொண்டு போனாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். அந்த வாசனையை அவளுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

"சாயம் போகுமா?" என்றாள்.

வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். சாயம் போச்சுன்னா என் பேரை... அவ்வளவுதான் வந்தது. எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். வழக்கமான முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது என்னவோ கோணலாகப் போனது. மூக்கிலிருந்து தண்ணீர் வந்தது. தடித்த ஆசாமி அழுதால் பார்க்க நன்றாக இருக்காது. லோகாம்பாள்கூடக் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னால முடியல குணா," என்றேன். "காலையில கிட்ட வந்து குனிஞ்சு பாத்தேன், நீ இருக்கிறியா இல்லையான்னு. இன்னொரு தடவை அப்படிப் பாக்க என்னால முடியாது."

அவள் கிளாசைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு, சின்னக் குழந்தைக்குப் பாடம் எடுத்துக் கொடுப்பது போல் மெதுவாகச் சொன்னாள்.

"மருந்துன்னு சொல்லுங்க."

"இன்னா?"

"அழுவாம, மூஞ்சிய நேரா வச்சுக்கினு, மருந்துன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்குறேன்."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மருந்து," என்றேன்.

"சரி."

கண்ணை மூடி, உதட்டுக்குள் எதையோ சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தாள். கடைசியில் மேலுதட்டில் ஒரு வெள்ளைக் கோடு நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் எழுந்தபோது கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு இருக்குது. மருந்துல ஏதாவது குத்தம் இருந்துச்சுன்னா யாராவது பிராயச்சித்தம் பண்ணணும். நான் பட்டினி கெடந்து பண்ணலாம்னா, வயிறு காலியா இருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"ஆமா, கூடவே கூடாது."

"அப்ப வயிறு நல்லா இருக்கிறவங்கதான் பண்ணணும்."

இது எங்கே வந்து முடியப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எவ்ளோ நாளைக்கு?" என்றேன், செத்த குரலில்.

"நான் ராத்திரி மருந்து குடிக்கிற வரைக்கும். பொழுது சாஞ்சா வேணுகோபால் கடைப் பக்கமே போகக் கூடாது."

வேணுகோபால் என்ற பெயர் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று கடை சாத்தப் போனபோது எதிரே தோசைக்கல் சுர்ரென்றது. வேணுகோபால் கரண்டியை ஆட்டினார்.

"நயினாரே, ஊட்ல உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். வாங்க, நீங்களாவது சாப்பிடுங்க. நல்லா முறுவலா வாத்துத் தர்றேன்."

"வயிறு சரியில்லப்பா."

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்," என்றேன். பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கை போனது. ஏலக்காயும் சாப்பிடுகிற பொருள்தான் என்று ஞாபகம் வந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்தேன். வீட்டுக்குப் போய் வடிகட்டிய தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டுப் படுத்தேன். பசி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

காலையில் வார்டு வாசலில் கலாவதி சிரித்துக்கொண்டு நின்றார். "ஒரு வேளை விடல சார். நான் எழுப்பறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கினு, மருந்து எங்கன்னு கேக்குறாங்க. ஒரு தடவை நான் ஏலக்காய் போடல, இது வேற மருந்தான்னு கேட்டாங்க."

ரத்தம் நின்றது. முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் ஏறியது. என்னை அதட்டும் தெம்பு வந்ததும் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார். ராத்திரி மருந்தை மட்டும் தான் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார், "மருந்து" என்ற வார்த்தையை அழுத்தி. லோகாம்பாள் என்னைக் கூப்பிட்டு, "நயினாரே, ஆரத்தித் தண்ணி மிச்சம் இருந்தா இப்ப எடுங்க, ஊட்டுக்குப் போறாங்க இல்ல?" என்றாள். காவலாளி கஜக்கோலைத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு கனகமாலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழை வந்தது. ராத்திரி மருந்தை நான் தூங்கின பிறகு தானே காய்ச்சிக் குடித்துக்கொள்வதாகக் குணமாலா சொன்னாள். நான் இடுப்பில் வேட்டி நழுவும் அளவுக்கு இளைத்தேன். ஊரில் நயினாருக்குச் சர்க்கரை வியாதி என்று பேச்சு. கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்த ஆரம்பித்தேன். பசியோடு எதிர்க் கடை வாசனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு வீட்டுக்குப் போனாலாவது பேச்சுத் துணை உண்டு. வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் எதையாவது பேசுவோம். முன்பெல்லாம் நான் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கியிருப்பாள்.

ஒருநாள் சாமுவேல் கடைக்கு வந்தார். மகளுக்கு நிச்சயம், புடைவை வேண்டும் என்றார். அரக்குச் சிவப்பைக் கையில் எடுத்து, "சாயம் போகுமா நயினாரே?" என்றார்.

"இது போகும். அந்த மாம்பழ மஞ்சளை எடுத்துக்கோங்க."

"வீட்டம்மா தெம்பா இருக்காங்க போல. டாக்டரம்மாகிட்ட வந்தப்பப் பாத்தேன். ராத்திரிப் பாலைக்கூட நிறுத்திட்டாங்களாமே?"

புடைவையை மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. "எப்ப?"

"அது ஆச்சே, ஆடி மாசத்துலயே. உங்களுக்குத் தெரியாதா?"

அப்போது புரட்டாசி.

"தெரியும், தெரியும்," என்றேன்.

அன்று சாயங்காலம் தூக்குப் பாத்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். குணமாலா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். நான் சீக்கிரம் வந்ததில் அவளுக்கு ஆச்சரியம், காட்டிக்கொள்ளவில்லை. சாதம் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"குணா, ராத்திரி மருந்து இன்னும் இருக்குதா?"

"இருக்குதே," என்றாள். தட்டில் கூட்டு வைத்துக்கொண்டிருந்த கை ஆடவில்லை.

"டாக்டரம்மா நிறுத்தச் சொல்லலையா?"

"இன்னும் இல்ல."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் கடையில் உட்கார வைத்தால் ஒரு நாளில் மொத்தச் சரக்கையும் விற்றுவிடுவாள். அப்படி ஒரு முகம்.

சாயம் போகுமா என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தேன். ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. குணமாலா ஒரு முறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஏலக்காயை எடுத்துத் தோலை உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சீக்கிரம் போட்டுக்கோங்க, பொழுது போவுது," என்றாள்.